பதினேழாவது சேனல்

கொயைக்கே சந்தையில் வாங்கியது, பழையது.
ஒரு லட்சத்து இருபதாயிரம் பெசோ,
பேரம் படிவதற்கு அரை மூட்டை மாத்தே இலையும்
என் வண்டியிலிருந்து இறங்கியது.
விற்றவன் எவரிஸ்தோ ஒயார்சூன்.
"இரண்டு அலைவரிசை, இரண்டு காது," என்றான்,
"வாய் மட்டும் ஒன்றுதான்."
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தான்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை
கொக்ரானே சாலையில் பனி தள்ளுகிறேன்.
கைபேசிக் கோபுரம் மூன்றாம் வளைவோடு
கைகழுவிவிடும்.
அதன் பிறகு இந்தப் பெட்டிதான்.

இடப்பக்கத் திரையில் இரண்டு மீட்டர்.
மலையுச்சி ரிப்பீட்டர் ஏறி
பள்ளத்தாக்கே பேசிக்கொள்ளும்:
டீசல் விலை, தலைகீழாய்க் கன்று போட்ட பசு,
யார் பல்லை யார் பிடுங்கினார்கள்.
வலப்பக்கம் எழுபது சென்டிமீட்டர்.
பெரும்பாலும் ஊமை.
ஏரிக்கு அக்கரையில் ஒருவன்
ஆன்டெனா சோதிப்பான்: ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கு வரை போனதே இல்லை.

ஒயார்சூன் பதிந்துவைத்த சேனல்கள்
அப்படியே இருந்தன.
ஏழு: படகுத்துறை.
பன்னிரண்டு: மாட்டு வைத்தியர்.
பதினேழு: நெலிதா.
கையேடு ஜப்பானிய மொழியில்.
அழிக்கத் தெரியாமல் விட்டேன்,
தெரிந்த பிறகும் விட்டேன்.
ஸ்கேன் ஓடும்போது அந்தப் பெயர்
வேலையை விட்டுப் போனவரின் பெயர்
சம்பளப் பட்டியலில் வருவதுபோல்
வந்து போகும்.

ஆகஸ்டில் ஓர் இரவு, இரண்டு மணி,
விளக்கு வெளிச்சத்தில் பனி படுக்கைவசமாகப் பறக்க
நான் பாடிக்கொண்டிருந்தேன்.
என் குரல் எனக்குத் தெரியும்,
அதனால்தான் இங்கே பாடுகிறேன்.
இரண்டு பாட்டுக்கு நடுவே
மேலதிகாரியைப் பற்றிச் சில உண்மைகளும் சொன்னேன்.
ரொட்டியைக் கடிக்கும்போதுதான் பார்த்தேன்
சிவப்பு விளக்கை.

அது எரிந்தால் நான் பேசுகிறேன் என்று பொருள்.
மைக்கை நான் தொடவில்லை,
கொக்கியில் சமர்த்தாகத் தொங்கியது.
ஸ்கேன் பதினேழில் நின்றிருந்தது.
கதவில் ஓர் அடி அடித்தேன்.
டிக் என்று எழுந்தது பொத்தான்.

இரைச்சல். பிறகு ஒரு பெண்,
தூக்கம் கலையாத, ஏனென்றால் தூங்கவே செய்யாத குரல்:
"ஒயார்சூன் இதை விற்றுவிட்டானா? யார் நீ?"
அழைப்புக்குறியைச் சொன்னேன்.
"அது அரசாங்கத்துக்கு. பெயர்?"
"எர்மிந்தா."
"எவ்வளவு கொடுத்தாய்?"
சொன்னேன்.
சிரித்தாள். சிரிப்பில் பாதியை மலை விழுங்கியது.

"அந்தப் பொத்தான் ஒட்டும். குளிரில் இன்னும்.
மூன்று வருஷம் முன்னால், மாட்டு லாரியில்
தம்பியிடம் பேசிக்கொண்டு போனான்,
மைக் தொடையின் கீழே கிடந்தது தெரியாமல்.
என் சமையல், என் நடை,
என் அம்மா வீட்டுப் பத்திரத்தை என்ன செய்யலாம் என்பது.
பதினொரு நிமிஷம்.
உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டேன்.
எட்டுப் பேருக்கு ஆகிற அளவு உரித்திருந்தேன்.
பொத்தான் எழுந்ததும்
என்னுடையதை அழுத்தி, ஓவர் என்றேன்.
அவ்வளவுதான்."

பின் ஏன் இன்னும் இதே எண்ணில் என்று கேட்டேன்.
"குமிழ் உடைந்துவிட்டது," என்றாள்.
நம்பினேன் என்று சொன்னேன்.
"உன் மேலதிகாரி என் மைத்துனன்.
பாதியை ஒப்புக்கொள்கிறேன்.
பாட்டு மோசம்."

மறுநாள் கொட்டகையில் மைக்கைத் திறந்தேன்.
நான்கு திருகுகள். பொத்தானுக்கடியில்
சர்க்கரை போட்ட மாத்தே
பாகாகிக் காய்ந்திருந்தது, ஒயார்சூன் குடித்தது.
பல்குத்தியும் ஆல்கஹாலுமாக அரைமணி நேரம்.
இப்போது விரலைத் தூக்கினால் தானும் எழுகிறது.

மூன்றாம் வளைவு தாண்டியதும்
பதினேழில் நிறுத்தி நானே அழுத்துகிறேன்:
நாற்பத்திரண்டாம் கிலோமீட்டர் திறந்திருக்கிறது,
பாலத்தின் மேல் பனிக்கட்டி, சங்கிலி கட்டாயம்.
"கேட்டது," என்பாள். வேறொன்றுமில்லை.

நேற்று மட்டும்
நான் விரலை எடுத்த பிறகு
கொஞ்சம் நேரம் கழித்து:
"அந்த இரண்டாவது பாட்டு,
அதில் ஆறு வருமே,
அது எப்படி முடியும்?"